குழந்தைகளே குடைந்த நீப் விளக்குகள்: காட்டுக்குள் ஒரு ஹாலோவீன் செய்முறை

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், ஒரு கருவிக் கொட்டகையும் ஒரு வட்டக் கூடாரமும் தவிர வேறு கட்டடம் இல்லாத வெளிப்புற மழலையர் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் நாள் முழுவதும் பீச், ஆஷ், ஹேசல் மரங்களுக்கு நடுவிலேயே இருப்பார்கள். மழை வந்தால் தார்ப்பாய்க்கு அடியிலும், குளிர் கூடினால் நெருப்பு வட்டத்தைச் சுற்றியும் ஒதுங்குவோம். அக்டோபர் 31 மாலையின் ஹாலோவீன் பண்டிகைக்கு நீப் என்ற கிழங்கில் செய்யும் முக விளக்குகளைக் குழந்தைகளே குடைந்து, குழந்தைகளே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற எங்கள் விருப்பம் இந்த இலையுதிர் காலத்தில்தான் நிறைவேறியது. அதற்கு முன்பெல்லாம் குடையும் வேலையைப் பெரியவர்கள் செய்துவிட, குழந்தைகளுக்கு மிஞ்சியது அலங்காரம் மட்டுமே. அந்த நிலை மாறியது எப்படி என்பதை அளவுகளோடும் செலவுகளோடும் எழுதி வைக்கிறேன். இதே வயதுக் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயன்படும்.

நீப் என்பது ஊதா நிறத் தோலும் மஞ்சள் சதையும் கொண்ட, டர்னிப்பைவிடப் பெரிய கிழங்கு. இங்கே பேச்சு வழக்கில் அதை டம்ஷி என்றும் சொல்வார்கள். பரங்கிக்காய் விளக்கு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வழக்கம்; ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அதற்கு முன்பு குடைந்தது இந்தக் கிழங்கு வகைகளைத்தான். அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் மேயோ கிளையில், டோனெகல் பகுதியிலிருந்து கிடைத்த பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய முகமும் இடுங்கிய கண்களுமாக இருக்கும் அதன் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொட்டகைக் கதவில் ஒட்டினோம். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ அதற்கு என்ன வயது, பல் ஏன் விழுந்தது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

பரங்கிக்காயை விட்டுவிட்டு நீப்புக்கு வந்ததற்கு மரபு மட்டும் காரணமன்று. பரங்கிக்காயின் உள்ளே ஏற்கனவே குழி இருக்கிறது. மேலே வெட்டி விதையை வழித்து எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும், மீதி வேலைக்குக் கத்தி வேண்டும், அது எங்கள் கையில்தான் இருக்கும். நீப் உள்ளே முழுவதும் கெட்டி. அதனால் குழந்தை செய்வதற்கு உண்மையான வேலை இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கடினமான பொருளும் சரியான கருவியும் சேர்ந்து கிடைத்தால் அது காட்டும் பொறுமையை நேரில் பார்த்தவர்கள், எளிதாக முடியும் வேலைகளை அதற்குத் தேடிக் கொடுக்க மாட்டார்கள்.

முதலில் கிழங்கைத் தேர்ந்தெடுத்தோம். கடையில் எடுத்த முதல் தொகுதியில் ஒரு கிலோவைத் தாண்டிய கிழங்குகளும் இருந்தன. அவற்றின் நடுப்பகுதி நார் ஓடி மரம்போல் இருந்ததால் குழந்தைகளின் கை ஓயும்வரை சுற்றினாலும் ஆழம் கூடவில்லை. 700 முதல் 800 கிராம் எடையும் 12 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ளவைதான் பொருத்தம். அடிப்பகுதி தட்டையாக இருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். வேர் முனையைச் சீவித் தட்டையாக்கலாம்தான். ஆனால் சீவிய இடத்தில் அழுகல் விரைவாகத் தொடங்குகிறது.

குடைவதற்கு நாங்கள் முதலில் கொடுத்தது கரண்டி. கெட்டியான எஃகுக் கரண்டிகூடச் சதையின் மேல் வழுக்கியது. மெல்லிய கரண்டிகளின் கழுத்து வளைந்தது. முலாம்பழத்தை உருண்டையாகத் தோண்டும் சிறிய கரண்டியில் பெரியவர்களுக்கு ஓரளவு வேலை நடந்தது, குழந்தைகளுக்கு நடக்கவில்லை. அடுத்து, கிழங்கை நெருப்பின் மேல் பெரிய பானையில் பத்து நிமிடம் வேகவைத்து இளக்கிப் பார்த்தோம். சதை இளகியது, கூடவே தோலும் சுருங்கியது, சுவர் ஒரு பக்கம் சரிந்தது, கண் துளைக்கும்போது ஓரம் பிய்ந்துகொண்டு வந்தது. வேகவைத்த நீப்பை வெண்ணெயும் மிளகும் சேர்த்து மசித்துச் சாப்பிட்டோம். விளக்குக்கு அது ஆகாது.

வழி திறந்தது கை டிரில்லால்தான். பக்கவாட்டில் பல்சக்கரமும் சுழற்றும் கைப்பிடியும் உள்ள பழைய வகை டிரில் அது. மின்சாரம் தேவையில்லை, குழந்தை சுற்றுவதை நிறுத்தினால் அதுவும் அந்த நொடியே நின்றுவிடும். அதில் துளைக்கும் அலகான 8 மில்லிமீட்டர் பிட்டைப் பொருத்தினோம். இரும்புக்கான சாதாரண பிட் கிழங்கின் ஈரமான வெட்டு முகத்தில் நிலைகொள்ளாமல் சறுக்கியது. நடுவில் கூர்முனை உள்ள மர வேலைக்கான பிட் வைத்த இடத்திலேயே நின்று இறங்கியது. பிட்டின் நுனியிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளிச் சிவப்பு நாடா சுற்றினோம். சிவப்பு கிழங்கைத் தொட்டதும் நிறுத்த வேண்டும் என்பதே விதி. மூன்று வயதுக் குழந்தைக்கும் இது புரிந்தது. அடிப்பகுதியில் 2 சென்டிமீட்டர் கனமும் தப்பியது.

கிழங்கை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அடுத்த சிக்கல். ஒருவர் கையால் பிடிக்க இன்னொருவர் துளைப்பது இந்த வயதில் கூடவே கூடாது. 35 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மரத் துண்டின் மேல்முகத்தில், கிழங்கு நடுவில் அமரும்படி சதுரமாக நான்கு துளைகள் போட்டு, 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆஷ் குச்சிகளை முளைகளாக அடித்து இறக்கினோம். அவற்றுக்கு நடுவில் கிழங்கை வைத்து, பழைய சைக்கிள் டியூபை அறுத்துச் செய்த பட்டையை முளைகளைச் சுற்றி இழுத்துப் போட்டால் கிழங்கு அசையாது. முளைகளின் உயரம் 9 சென்டிமீட்டர். அதற்கு மேல் உயர்ந்தால் டிரில்லின் சக்கரம் இடிக்கிறது. மரத் துண்டு குழந்தையின் தொடை உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் உடம்பின் எடை மேலிருந்து இறங்கும், தோளை மட்டும் நம்ப வேண்டியிருக்காது.

மூடியை மட்டும் பெரியவர்கள் கத்தியால் வெட்டினோம், மேலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில். மூடி திரும்பச் சரியாகப் பொருந்துவதற்கு ஓரத்தில் ஒரு குறி கீறிக்கொண்டோம். பிறகு வெட்டு முகத்தில், தோலிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டோம். வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் துளைக்கலாம், வெளியே கூடாது. குழந்தை ஒரு கையால் மேல் கைப்பிடியை அழுத்தி, மறு கையால் சுற்றியது. கருவியைப் பிடிக்கும் கைகளில் கையுறை போடுவதில்லை, பிடி நழுவும் என்பதால். டிரில் நிலையில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் கட்டாயம் இருந்தோம்; மற்றவர்கள் கையை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் ஒரு கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். ஸ்காட்லாந்தில் மூன்று வயதுக்கு மேற்பட்ட எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்பது அடிப்படை விகிதம். கருவி வேலைக்கு அது போதாது. இந்த வேலை நடக்கும் நாட்களில் கூடுதலாக ஆள் இருக்கும்படி பணிப் பட்டியலை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஈரமான சதை பிட்டின் சுருளில் அடைத்துக்கொள்ளும். ஐந்தாறு சுற்றுக்கு ஒரு முறை பின்புறமாகச் சுற்றி வெளியே எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பெரியவர் தட்டிவிட வேண்டும். இந்த நிறுத்தம் வேலையைத் தாமதப்படுத்தும் என்று நினைத்தேன். உண்மையில் அதுதான் குழந்தைகளுக்கு மூச்சு வாங்கும் இடைவெளி ஆயிற்று. சுருளிலிருந்து விழும் மஞ்சள் துருவலை அவர்கள் பச்சையாகவே தின்றார்கள். சற்று இனிப்பும் சற்றுக் காரமுமான சுவை அது. வீட்டில் காய்கறியைத் தொடாத பிள்ளை என்று பெற்றோர் சொல்லியிருந்த ஒரு சிறுவன் கிண்ணத்தோடு வந்து நின்றான்.

வட்டம் முழுவதும் துளைகள் விழுந்து தேன்கூடுபோல் ஆனதும் கரண்டியைத் திரும்பக் கொடுத்தோம். இப்போது சதை தானாக உடைந்து வந்தது. முன்பு உதவாத அதே எஃகுக் கரண்டி இங்கே நன்றாக வேலை செய்தது. ஒரு கிழங்கை ஒரே மூச்சில் முடிக்க எந்தக் குழந்தையாலும் முடியவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அரைகுறையாக நிற்கும் கிழங்கை ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள வாளியில் நிழலில் வைத்தால் மறுநாளும் கெடாமல் இருந்தது. குழந்தைகள் வந்ததும் தங்கள் கிழங்கைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஊதாத் தோலின் கோடுகளை வைத்தே அவர்கள் அடையாளம் கண்டுகொண்டதால் பெயர்ச் சீட்டு தேவைப்படவே இல்லை.

சுவரின் கனம்தான் விளக்கின் உயிர். இரண்டு சென்டிமீட்டர் சுவருள்ள கிழங்குக்குள் விளக்கை வைத்தால் கண் துளைகள் மட்டும் மினுக்கும், கிழங்கு இருட்டாகவே இருக்கும். 8 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்ததும் மஞ்சள் சதை முழுவதும் உள்ளிருந்து ஒளி வாங்கத் தொடங்குகிறது. தோலின் ஊதாவும் பழுப்பும் கூடத் தெரிகின்றன. இதை அளக்கத் தடித்த பின்னல் ஊசி ஒன்றில் 8 மில்லிமீட்டரில் கோடு போட்டு, பெரியவர் உள்ளிருந்து மெல்லக் குத்திப் பார்த்தோம். கோட்டுக்கு முன்பே முனை வெளியே எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் இனிச் சுரண்டக் கூடாது. கடைசிச் சில மில்லிமீட்டர்களை மட்டும் முலாம்பழக் கரண்டியால் பெரியவர்கள் சீராக்கினோம். குழந்தை பக்கத்தில் நின்று எந்த இடம் இன்னும் தடிப்பு என்று விரலால் தடவிச் சொன்னது.

முகத்துக்கு உலோக பிஸ்கட் அச்சுகளைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கிப் பார்த்தோம். பரங்கிக்காயில் சரியாக வரும் இந்த வழி நீப்பில் வரவில்லை. அச்சு வளைந்தது, வளைந்த சுவர் விரிசல் விட்டது. ஆப்பிளின் நடுத்தண்டை எடுக்கும் குழாய்க் கத்தி பொருத்தமாக அமைந்தது. குழந்தை இரு கைகளாலும் பிடித்துத் திருகித் திருகி அழுத்தினால் 2 சென்டிமீட்டர் வட்டம் சுத்தமாக விழுகிறது. சிறிய துளைகளுக்கு உள்ளங்கையில் வைத்துத் திருகும் சிறு டிரில், 6 மில்லிமீட்டர் பிட்டுடன். இங்கே ஒரு கை கிழங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் அந்தக் கைக்கு மட்டும் தடித்த கையுறை. காதுகளுக்கு ஆஷ் மரத்தின் சிறகு விதைக் கொத்துகளையும், பல்லுக்குப் பிளந்த ஹேசல் குச்சிகளையும், தலைமயிருக்குக் காய்ந்த பெரணியையும் அவர்களே கொண்டுவந்தார்கள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணும் வேண்டாம் வாயும் வேண்டாம் என்று சொல்லி, பக்கவாட்டில் ஒரே ஒரு துளை போட்டு நிறுத்திக்கொண்டாள். அது காது, அது நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று விளக்கினாள். முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாதிரி காட்டாமல் விட்டதற்குக் கிடைத்த பலன் இது என்று நினைக்கிறேன்.

மூன்று வயதுக்காரர்களில் டிரில்லில் ஆர்வம் வராதவர்களுக்குச் சிறிய பரங்கிக்காய்களும் கோல்ஃப் ஆட்டத்துக்கான மர முளைகளும் கொட்டாப்புளிகளும் வைத்திருந்தோம். அடித்து ஏற்றுவது, பிடுங்குவது, மறுபடி அடிப்பது என்று அவர்களின் காலை முழுவதும் அதிலேயே போனது. இலைச் சாயம் எடுப்பதற்காகப் பருத்தித் துணியில் இலையை வைத்துச் சுத்தியலால் தட்டும் வேலையும் நடந்தது. மரத்திலிருந்து உதிர்ந்த இலை எதையும் தராது. இன்னும் பச்சையாக நிற்கும் பிராம்பிள் முட்புதரின் இலையும் பெரணியும் மட்டுமே நிறம் விட்டன.

விளக்குக்குள் எதை வைப்பது என்பதில்தான் அதிக நேரம் யோசித்தோம். உண்மையான மெழுகுவர்த்தியைப் பெரியவர்கள் மட்டும் ஒன்றில் ஏற்றிப் பார்த்தோம். மூடியின் அடிப்பக்கம் கருகி எழுந்த வாசனை, இங்கே வளர்ந்த சக ஊழியர்களுக்கு அவர்களுடைய சிறுவயது ஹாலோவீனை அப்படியே நினைவூட்டியது. ஆனால் மழைக்கோட்டுக்கு மேல் மெல்லிய செயற்கை இழை அங்கியைப் போட்டுக்கொண்டு நடக்கும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் சுடரைக் கொடுக்க முடியாது. எல்.இ.டி. மெழுகு விளக்குகளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அவற்றில் பெரும்பாலும் இருப்பது பொத்தான் பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம், உயிரும் போகலாம். ஆகவே பேட்டரி மூடி திருகால் இறுக்கப்பட்ட விளக்குகளை மட்டும் வாங்கினோம். நகத்தால் திறக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதித்து, எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கினோம். வெள்ளை ஒளி நீப்புக்குள் சோகை பிடித்ததுபோல் தெரிந்தது. செம்மஞ்சள் ஒளி சதையின் நிறத்தோடு கலந்து நன்றாக வந்தது. உள்ளே ஈரம் கசிவதால் எல்.இ.டி. விளக்கைக் கிழங்கின் உட்தரையில் வைக்காமல் ஒரு சிப்பி ஓட்டின் மேல் வைத்தோம்.

கைப்பிடிக்காக விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இரு துளைகள் போட்டுச் சணல் கயிறு கோத்தபோது, மெலிந்த சுவரைக் கயிறு அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. துளையே போடாமல் கயிற்றைக் கிழங்கின் அடிவழியாகக் குறுக்கும் நெடுக்கும் உறிபோல் கட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. குடைந்த பிறகும் ஒரு விளக்கு 400 கிராம் அளவுக்கு இருக்கிறது. 60 சென்டிமீட்டர் குச்சியின் நுனியில் அதைத் தொங்கவிட்டால் சிறு கை சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. குச்சியை 40 சென்டிமீட்டராகக் குறைத்தோம். அதுவும் முடியாதவர்களுக்கு ஒரு மீட்டர்க் கழியின் நடுவில் இரண்டு விளக்குகளை மாட்டி, ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் சுமந்தார்கள்.

விளக்கு ஊர்வலத்துக்கான நேரத்தைக் கடிகாரமே அமைத்துக் கொடுத்தது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதன் பிறகு இங்கே சூரியன் மாலை நாலரை மணி அளவில் மறைகிறது. பெற்றோர் அழைத்துப் போக வரும் நேரத்திலேயே அந்தி வந்துவிடுவதால் குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. நெருப்பு வட்டத்திலிருந்து வாசல் வரையிலான பாதையில் பீச் மரத்தின் வேர்கள் தடுக்கும் இடங்களைப் பகலிலேயே வெள்ளைத் துணி கட்டிக் குறித்துவைத்தோம். முகமூடிகள் வேண்டாம் என்று வீடுகளுக்கு முன்பே சொல்லியிருந்தோம். தெரிந்த முகம் திடீரென்று தெரியாத முகமாவதைப் பல மூன்று வயதுக் குழந்தைகளால் தாங்க முடிவதில்லை, பார்வையும் மறைகிறது. இங்கே வீடு வீடாகப் போகும் பிள்ளைகள் பாட்டோ விடுகதையோ சொல்லித்தான் பண்டம் வாங்க வேண்டும் என்பது பழைய முறை. அதன்படி வாசலில் ஒவ்வொரு குழந்தையும் ஏதாவது ஒன்று செய்து காட்டி ஓர் ஆப்பிளை வாங்கிக்கொண்டது. ஆப்பிளைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு எல்லோரும் வாயால் கவ்வும் விளையாட்டைச் சளிக் காலம் என்பதால் விட்டுவிட்டு, ஆப்பிள் வளையங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்கச் செய்தோம்.

செலவு: 24 நீப்புகள், ஒன்று 80 பென்ஸ் வீதம் 19 பவுண்டு 20 பென்ஸ். பழைய கருவிக் கடையில் இரண்டு கை டிரில்கள் 18 பவுண்டு. பிட்டுகள் 4 பவுண்டு, குழாய்க் கத்தி 5 பவுண்டு, திருகு மூடியுள்ள விளக்குகள் 24க்கு 12 பவுண்டு. மொத்தம் 58 பவுண்டு 20 பென்ஸ். முளைக்கட்டை, டியூப், குச்சிகள் கையிலிருந்தவை. கருவிகளும் விளக்குகளும் அடுத்த ஆண்டுக்கும் இருப்பதால் இனிச் செலவு கிழங்குக்கும் சில பேட்டரிகளுக்கும் மட்டுமே.

விளக்குகள் வேலியில் ஒரு வாரம் தொங்கின. பரங்கிக்காய் கூழாகி விழும் நேரத்தில் நீப் உலர்ந்து சுருங்கி, கொட்டகைக் கதவிலிருந்த படத்தின் முகத்தையே வாங்கிக்கொண்டது. பூஞ்சை தெரிந்ததும் எடுத்து உரக் குழியில் போட்டோம். மிஞ்சிய பரங்கிக்காயைக் காட்டில் வன உயிர்களுக்கென்று விட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. முள்ளெலிகள் அதைத் தின்றால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, குளிர்காலத் தூக்கத்துக்கு முந்தைய முக்கியமான வாரங்களில் நீரிழந்து நலியும். பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்குப் போடலாமா என்றும் சிலர் கேட்டார்கள். சமையலறை வழியாக வந்த காய்கறிக் கழிவைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பது பிரிட்டனில் சட்டப்படி தடை.

அடுத்த முறை முளைக்கட்டைகளை இரண்டாக்க வேண்டும். இந்த முறை காத்திருந்த குழந்தைகளின் வரிசை நீண்டுவிட்டது. ஒரு கட்டையை 10 சென்டிமீட்டர் கிழங்குக்கு ஏற்றபடி சிறிதாக வைத்தால் இளையவர்களுக்கும் முடிக்கும் வாய்ப்பு கூடும். டிரில்லின் பல்சக்கரத்தில் ஒரு சிறுமியின் தலைமுடி சிக்கப் பார்த்ததால், தொங்கும் முடியையும் கழுத்துத் துணியையும் கட்டிக்கொண்ட பிறகே கயிற்றைத் தாண்ட வேண்டும் என்ற விதியையும் சேர்க்கிறோம். கிழங்கையும் நாங்களே வளர்க்கப் போகிறோம். மே மாதக் கடைசியில் விதைத்து, வரிசைக்கு வரிசை 38 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 23 சென்டிமீட்டரும் விட்டு நெருக்கமான நாற்றுகளைக் களைந்தால் அக்டோபரில் எடுக்கலாம். எங்கள் மண்ணில் அமிலம் அதிகம் என்பதால், முட்டைக்கோஸ் இனச் செடிகளைத் தாக்கும் வேர்முடிச்சு நோய் வராமல் தடுக்க, பாத்திக்குக் குளிர்காலத்திலேயே சுண்ணாம்பு இட வேண்டும். புறாக்களுக்கு எதிராக வலையும் வேண்டும். பாத்திக்கான பலகைகளை அறுத்துவிட்டோம், சுண்ணாம்பு மூட்டை கொட்டகையில் இருக்கிறது.